பதினாலாம் நம்பர் வீட்டு முட்டை ஓடு

எங்கள் எட்டாம் பிளாக்கில் முதன்முதலில் வாய் திறந்தது இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுத் தக்காளி நாற்று. தை மாதம், பொங்கல் கழிந்த ஒன்பதாம் நாள், காலை பத்து மணி வெயிலில், மொட்டை மாடியில் வைத்திருந்த முட்டை அட்டையில், ஓட்டுக்குள் முளைத்து நின்ற அந்த நாற்று தன் இரண்டு இலைகளையும் மெல்லப் பிரித்துக்கொண்டு, அந்த வீட்டு ராசப்பனின் குரலில், “ஒங்கம்மா வந்தா நான் வீட்டுல இல்லன்னு சொல்லிரு” என்றது. பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது ராசப்பனின் மாமியார். செடி எப்படிப் பேசும் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. “எனக்கு அப்பமே தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத்துணியை வாளியோடு விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டி, நாலு மாடியும் நாற்பது வீடுகளுமாக அரசாங்கம் கட்டிக்கொடுத்த கட்டடம் எங்களுடையது. ஒரு பிடி மண்ணை அள்ளினால் அப்படியே குழம்புக்குப் போடலாம், அவ்வளவு உப்பு. குடிவந்து பத்து வருஷமாகியும் சுற்றிலும் ஒரு புல் முளைத்ததில்லை. அந்த இடத்தில்தான் முப்பத்தாறாம் நம்பர் ஜெனோவா மண்ணையே புதிதாகச் செய்தாள். இறால் கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஐஸுக்குள் கையை விட்டு வேலை பார்த்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், இனி வேண்டாம் என்று அவர்கள் அனுப்பிவிட்ட பிறகு, சும்மா உட்காரத் தெரியாத அந்தத் தனிக்கட்டை மனுஷி, எங்கள் வீட்டு டீத்தூள் சக்கையையும் வாழைப்பழத் தோலையும் வெங்காயச் சருகையும் மீன் தலையையும் அடுப்புச் சாம்பலையும் கேட்டு வாங்கி, மாடியில் பழைய டிரம்மில் போட்டு மக்கவைத்து, கறுப்பாய், கையில் எடுத்தால் மழை வாசம் அடிக்கும் மண்ணாக்கினாள். அந்த மண்ணை முட்டை ஓட்டுக்குள் நிரப்பி, அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, விதை ஊன்றி, போர் தண்ணீர் ஆகாதென்று அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றி நாற்று வளர்த்தாள்.

தினமும் காலை எட்டரைக்கு, உப்பளத்துச் சங்கு ஊதி ஓய்ந்ததும், இரண்டு வாளிகளோடு மாடிக்கு மாடி வருவாள். “ஓடு இருக்கா, சக்கை இருக்கா, தோலு இருக்கா” என்று அவள் போடும் சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு மாட்டும். உள்ளேயிருந்து நாற்பது வீட்டுக்காரர்களும் “இருக்கா”, “இந்தா வாரேன்”, “வாசல்லதான் வச்சிருக்கு” என்று ஏதாவது ஒன்று சொல்லுவோம். அவளுக்கு ஒரு நியாயம் உண்டு. யார் வீட்டு ஓடோ அவர்கள் வீட்டுக்குத்தான் நாற்று. அதற்காக ஒவ்வொரு ஓட்டிலும் வீட்டு நம்பரை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவாள். விரிசல் விட்டதைப் பொடித்து உரத்தில் சேர்த்துவிடுவாள். அவளால்தான் எங்கள் பிளாக்கில் எல்லாரும் முட்டையை நடுவில் தட்டாமல், நுனியில் கரண்டியால் மெல்லத் தட்டி, ஓட்டைக் கிண்ணம்போல மிச்சம் பிடிக்கப் பழகியிருந்தோம்.

ராசப்பன் வீட்டுத் தக்காளிக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. உடைத்த பிறகு அந்த அடுப்படியில் கொஞ்ச நேரம் என்னென்ன காதில் விழுந்ததோ அதை ஓடு வைத்திருந்து, விதையிலை விரியும் நேரத்தில் ஒரே ஒரு தடவை சொல்லும், அதற்குப் பிறகு எல்லாச் செடியையும்போல வாய் மூடிக்கொள்ளும். சிரட்டையில் போட்ட அவரை கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலப் பேசியது. தயிர் டப்பாவிலும் பால் பாக்கெட்டிலும் முளைத்தவை கடைசிவரை ஊமை. பிளாஸ்டிக்குக்குக் காது கிடையாது என்று முடிவுகட்டினோம்.

முதல் மாதம் பிளாக்கே சிரிப்பும் சண்டையுமாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி அடுப்படியில் என்னென்ன பேசினோம் என்பதை அந்தப் பக்கத்து வீட்டுக்காரியோடு நின்றே கேட்க வேண்டியதாயிற்று. நானும் ஒருநாள் தலைகுனிந்து நின்றேன், எதற்கு என்று கேட்காதீர்கள். பிறகு குடியிருப்போர் சங்கம் கூடி, இலை விரிய இரண்டு நாள் இருக்கும்போதே நாற்றை அவரவர் வீட்டில் சேர்த்துவிட வேண்டும், அவரவர் பேச்சை அவரவர் கதவுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கொஞ்ச நாளில் எல்லாம் பழகிவிட்டது. சிலர் முட்டை உடைக்கும்போது வாயே திறப்பதில்லை. சிலர் பக்திப்பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். புருஷன் கப்பலில் வேலை பார்க்கும் நேசமணி, அவர் போனில் வரும் நேரம் பார்த்து முட்டையை உடைத்து, போனை ஓட்டுப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தாள். காது கேளாத தையல்காரர் ஆரோக்கியம் வீட்டு வெண்டை விரிந்தபோது, அவர் தனியாக நின்று சமைத்தபடி, எப்போதோ செத்துப்போன பெண்டாட்டியிடம் “உப்பு போதுமா பாரு, உப்பு போதுமா பாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தது திறந்த கதவு வழியாக எங்களுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். படித்துவிட்டு, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான், செத்தவர்கள் குரலும் ஏதாவது ஓட்டில் இருக்குமோ என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது. வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் எல்லாரும் ஜெனோவா ஓடுகளை அடுக்கி வைக்கும் அலமாரியை வந்து துழாவினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. துட்டி விழுந்த வீட்டில் ஆக்கிய சோற்றைக் கொட்டி, குப்பையை வாரி, வீட்டைக் கழுவிவிட்டுவிடுவது எங்கள் வழக்கம். செத்தவர்கள் இருந்த கடைசி நாளின் குப்பையை யாரும் வைத்திருப்பதில்லை. நாற்பது வீட்டுக்குமாக அப்படி ஒரே ஒரு ஓடுதான் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், பஞ்சுக்கு மேல், பதினாலு என்று நம்பர் எழுதிய ஓடு. அது உலகம்மாள் வீட்டு ஓடு.

இனிச் சொல்லப்போவது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், அவள் எதைப் பிடித்துக்கொண்டு அத்தனை மாதம் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் விளங்கும்.

உலகம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் கொம்பையா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரே மகள் வடிவு, இருபத்தோரு வயது, டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. போன ஆவணியில் ஒருநாள் சாயங்காலம், மறுவாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்திருந்தும், இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குள் வந்தது. அப்போது உலகம்மாள் கொம்பையாவுக்கு ஆம்லேட் போட முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில், “ரோசம் இருந்தா இனி இந்த வீட்டுச் சோத்துல கை வைக்காத” என்றாள். வடிவு பாயை விரித்துப் படுத்துவிட்டது. மறுநாள் விடிவதற்கு முன்பே கொம்பையா லாரிக்குப் போனார். உலகம்மாள் சோறு வடித்து, பானையை மூடி, மகளை எழுப்பாமல், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், ஆறு மணிக்கு அளத்துக்குப் போனாள். ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பிய வடிவு பைபாஸைக் கடக்கும்போது ஒரு டேங்கர் லாரி வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது சொந்தக்காரப் பெண்கள் வழக்கப்படி சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். பானை நிறையச் சோறு. மேலே வடித்த தடம் கலையவில்லை, ஒரு கரண்டி படவில்லை. அழுதவர்களெல்லாம் மகளுக்காக அழுகிறாள் என்றுதான் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அந்தப் பானையைப் பார்த்து அழுதாள்.

அன்றிலிருந்து அவள் காலையில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்தக் காலையில் எட்டரைக்கு வழக்கம்போல ஜெனோவா வந்து பதினாலாம் நம்பர் வாசலில் வாளியை வாங்கிப் போயிருந்தாள். அதில்தான் அந்த ஓடு இருந்தது. வருஷம் திரும்பும்வரை துட்டி வீட்டுக்கு விதை போடக் கூடாது என்பதால் நம்பரை எழுதித் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். அப்போது நாற்றுகள் பேசத் தொடங்கவில்லை, அதனால் அது வெறும் ஓடாகவே பஞ்சில் கிடந்தது.

நாற்றுகள் பேசத் தொடங்கியதும் பிளாக்கே உலகம்மாளைப் பார்த்தது. புள்ளையின் குரலைக் கேட்கலாமே, எவ்வளவு பாக்கியம் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவள் எங்களைக் கண்டாலே படி இறங்கிப் போனாள். மகள் குரலைக் கேட்க எந்தத் தாய்க்கு மனசு வராது, இவள் என்ன கல்லா என்று பேசினோம். நானும் பேசினேன்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் அவளே ஜெனோவாவின் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முடி வெட்டியதிலிருந்து சோற்றுப்பானைவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனோவா அதுவரை கேட்டிராத கதை.

“யக்கா, அந்த ஓடு எந்த வேளை ஓடுன்னு எனக்குத் தெரியாது. அவருக்கு ஆம்லேட்டுக்கு உடைச்சதுன்னா அதுல நான் பேசுனதுதான் இருக்கும். அதை இன்னொரு தடவை எங்காதால கேக்க என்னால ஆவாது. காலையில அவ உடைச்சதுன்னா...” முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். புள்ள சாப்பிட்டுட்டுப் போனாளா?” என்றாள்.

“வீட்டுல அன்னைக்கு எத்தன முட்டை இருந்துச்சு உலகு?”

“யாரு எண்ணி வச்சா? வந்தவங்க அடுப்படியவே வழிச்சுப் போட்டுட்டாங்க. வாளியில எத்தன ஓடு கெடந்துச்சு, ஒங்களுக்கு நெனவிருக்கா?”

ஜெனோவா கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். ஒன்றா இரண்டா, விரிசல் விட்டது இருந்ததா, பொடித்தாளா, எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்தக் காலையில் வடிவுதான் கதவை ஒரு கை அகலம் திறந்து வாளியை வெளியே தள்ளியது, அது மட்டும் நினைவிருந்தது. ஏதோ சொல்லவும் செய்தது. என்ன சொன்னது? நாற்பது வீட்டிலும் நாற்பது குரல், எல்லாம் ஒரே மாதிரி. மரத்துப்போன விரல்களால் நெற்றியை அழுத்தி அழுத்தி யோசித்தாள். சாப்பிட்டேன்னுதான் சொன்னா என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும், இந்தப் பொம்பளை நாளைக்குக் காலையில் கஞ்சி குடிப்பாள். சொல்வதற்கு வாயும் திறந்தாள்.

“நெனவில்ல உலகு. நாசமாப்போற மண்டையில ஒண்ணும் நிக்கல” என்று சொல்லி அவளே அழுதுவிட்டாள்.

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின. நாற்றுகள் விரிந்து, பேசி, வாய்மூடி, பூத்துக் காய்த்துக்கொண்டிருந்தன. உலகம்மாள் வாரம் ஒருமுறை வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவாள். தொடமாட்டாள். அது முளைக்காதவரைக்கும் அவள் மகள் சாப்பிட்டிருக்கலாம், சாப்பிடாமலும் இருந்திருக்கலாம். முளைத்துவிட்டால் ஏதாவது ஒன்றுதான்.

ஆவணியில் வருஷத் திதி கழிந்த மறுநாள் கொம்பையாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“எது ரொம்ப மெதுவா முளைக்கும்?”

“மிளகாதான். இலை விரிய பன்னெண்டு, பதிமூணு நாளாவது ஆவும்.”

“அப்ப மிளகாயே போடுங்க.”

ஜெனோவா ஓட்டைக் கழுவவில்லை. மண்ணை மட்டும் சலித்து நிரப்பி, ஊசியை அவள் கையில் கொடுத்தாள். உலகம்மாள் துளை போட்டாள், விதையை ஊன்றினாள். அவள் நீட்டிய உள்ளங்கையில் ஓட்டை வைத்தபோது, அது ஒரு குஞ்சைப் போலச் சூடாக இருந்தது என்று ஜெனோவா பிறகு எங்களிடம் சொன்னாள். வெயிலில் இருந்த மண் சூடாகத்தான் இருக்கும், ஆனால் நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் வளைந்த ஒரு வெள்ளைத் தண்டு மண்ணைத் தள்ளியது. பதினோராம் நாள் விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தது. பதிமூன்றாம் நாள் காலையில் தோல் கழன்று விழுந்தது. அந்தச் செய்தி நாலு மாடிக்கும் பரவியதும் யாரும் சொல்லாமலேயே மிக்சிகள் நின்றன, டிவிகள் நின்றன. வாட்ச்மேன் போர் மோட்டாரை அணைத்தார். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போய்விட்டார்கள். அவரவர் பேச்சை அவரவர் கதவுக்குள் கேட்க வேண்டும் என்ற தீர்மானம் இருந்ததால் நாங்கள் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தோம், கதவை மட்டும் திறந்து வைத்திருந்தோம். உலகம்மாள்தான் ஜெனோவாவை உள்ளே கூப்பிட்டாள். கொம்பையா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடுப்படி மேடையில், ஒரு டம்ளர் வாயில் வைத்த ஓட்டில், மிளகாய் நாற்று தன் இரண்டு இலைகளையும் பிரித்தது.

முதலில் கரண்டி ஓட்டில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எண்ணெய் சீறியது. அது எந்த வேளை எண்ணெய் என்று எப்படிச் சொல்வது? உலகம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். இனி அவளுடைய குரல்தான் வரப்போகிறது, முடியைப் பற்றி, மானத்தைப் பற்றி, சோற்றைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் இந்தச் சின்ன இலையிலிருந்து வரப்போகிறது. கரண்டி புரண்டது. தட்டு மேடையில் உரசியது. யாரும் பேசவில்லை. ஓட்டுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு வெகுதூரத்தில், உப்பளத்துச் சங்கு ஊதி ஓய்ந்தது.

அதற்குப் பின்னால், மாடிப்படியில் ஏறிவரும் குரல் ஒன்று: “ஓடு இருக்கா, சக்கை இருக்கா, தோலு இருக்கா...”

ஜெனோவா தன் குரலையே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே உலகம்மாளின் கைகளைப் பிடித்துக் காதிலிருந்து இழுத்தாள். “காலையிலட்டி! காலையில! கேளு!”

அப்போது வடிவின் குரல் வந்தது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு, மென்றுகொண்டே, பக்கத்தில் நிற்பதுபோல அவ்வளவு தெளிவாக:

“யக்கா, இருங்க, தின்னுக்கிட்டிருக்கேன். ஒரு நிமிசம்.”

விழுங்கும் சத்தம் கேட்டது. வாளியின் பிடி கிணுங்கியது. அதோடு முடிந்துவிட்டது. மிளகாய் நாற்று காற்றில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

கொம்பையா சுவரைப் பார்த்தபடியே அழுதார். உலகம்மாள் ஏதோ கணக்குப் போடுகிறவள்போல மெல்லச் சொன்னாள், “முட்டையை மட்டும் தின்னுருக்கா. சோத்தைத் தொடல பாத்தியளா. நான் சோறுன்னுதான சொன்னேன், முட்டையச் சொல்லலியே.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோயிற்று. “ரோசக்காரி யக்கா. எம்மவ ரோசக்காரி. இன்னுங்கொஞ்சம் பேசியிருக்கலாமே, பாவிமவ, இன்னுங்கொஞ்சம் பேசியிருக்கலாமே” என்று அவள் தரையில் விழுந்து அழுதது நாலு மாடிக்கும் கேட்டது. அன்று எங்கள் பிளாக்கில் யார் வீட்டிலும் மத்தியானம் வரை அடுப்பு எரியவில்லை.

அதற்குப் பிறகு இன்னொன்று பாக்கியிருந்தது. நாற்றுக்கு நாலு இலை வந்ததும் பெரிய டப்பாவுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது ஓட்டின் அடியை விரலால் நொறுக்கிவிட்டுத்தான் மண்ணில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வேருக்கு வழியிருக்காது. உலகம்மாள் மாட்டேன் என்றாள். பேசி முடித்த ஓடுதான், உள்ளே இனி ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் நொறுக்கமாட்டேன் என்றாள். நாலாவது இலை வந்தது, ஐந்தாவது வந்தது, பிறகு இலைகள் ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கின.

“வேரு உள்ளேயே சுத்திச் சுத்தி வருது உலகு. நாளும் கடந்துபோச்சு. இனி ஒன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு ஜெனோவா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு யாராக இருந்தாலும் அவளே பிடுங்கி நொறுக்கியிருப்பாள்.

மறுநாள் புரட்டாசி முதல் வெள்ளி. சங்கு ஊதி ஓய்ந்தது. ஜெனோவா இரண்டு வாளிகளோடு படியேறி, பதின்மூன்றாம் நம்பரில் சக்கையை வாங்கிக்கொண்டு, பதினாலாம் நம்பர் வாசலுக்கு வந்தாள். ஒரு வருஷமாக அந்த வாசலில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கூப்பிடுவாள். வாசலில் பழைய எண்ணெய் டப்பா ஒன்றில் புது மண் நிரப்பியிருந்தது, நடுவில் மிளகாய்ச் செடி. மண்ணுக்கு மேல் தெரிந்த ஓட்டின் விளிம்பில் பதினாலில் பாதி எழுத்துதான் மிச்சமிருந்தது. மண்ணில் இன்னும் கட்டைவிரல் தடம் பதிந்திருந்தது.

“ஓடு இருக்கா, சக்கை இருக்கா, தோலு இருக்கா?”

உள்ளேயிருந்து தட்டில் கை படும் சத்தம் கேட்டது. பிறகு உலகம்மாளின் குரல், வாய் நிறையச் சோற்றோடு வந்தது.

“யக்கா, இருங்க, தின்னுக்கிட்டிருக்கேன்.”

ஜெனோவா வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.